தசமக் கணக்கீடு

தசமக் கணக்கீடு அல்லது பதின்மக் கணக்கீடு என்பது தசமப்புள்ளியுடன் எழுதப்படும் எண்களைக் கூட்டுதல், கழித்தல், பெருக்குதல், வகுத்தல் ஆகிய செயல்களையும், அவற்றின் விடைகளைத் தேவையான அளவுக்கு முழுமையாக்குதலையும் குறிக்கும். கடைச் சிட்டை, எடை, நில அளவு, வட்டி, மருந்தளவு, எரிபொருள் செலவு என அன்றாட வாழ்வின் பெரும்பாலான கணக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

தசம எண்களுக்கெனத் தனியான கூட்டல் வாய்ப்பாடோ பெருக்கல் வாய்ப்பாடோ இல்லை. முழு எண்களுக்குப் பயன்படும் அதே முறைகளே இவற்றுக்கும் பயன்படுகின்றன. கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு மட்டுமே. ஒன்று, புள்ளி எங்கே இடப்படுகின்றது என்பது. மற்றொன்று, விடை எந்தக் கட்டத்தில் முழுமையாக்கப்படுகின்றது என்பது. நடைமுறையில் தசமக் கணக்குகளில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றிலிருந்தே தோன்றுகின்றன.

பெயரும் வாசிப்பும்

'தசம்' என்பது பத்து எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. 'பதின்மம்' என்பது அதற்கு இணையான தமிழ்ச் சொல். 3.14 என்னும் எண் தமிழ்நாட்டில் "மூன்று புள்ளி ஒன்று நான்கு" எனவும், இலங்கையில் "மூன்று தசம் ஒன்று நான்கு" எனவும் வாசிக்கப்படுகின்றது. புள்ளிக்கு வலப்புறம் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதே முறை. "மூன்று புள்ளி பதினான்கு" என வாசித்தால் 3.14 என்பது 3.9 ஐ விடப் பெரியது என்னும் தவறான எண்ணம் தோன்ற இடமுண்டு.

செருமனி, பிரான்சு முதலிய பல நாடுகளில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி பயன்படுகின்றது. அங்கே 3,14 என எழுதப்படுவது இங்கே 3.14 ஆகும். நிறைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2003 ஆம் ஆண்டில் புள்ளி, காற்புள்ளி இரண்டையுமே தசமக் குறியாக ஏற்றுக்கொண்டது. எனவே வெளிநாட்டு ஆவணங்களில் உள்ள 1.250 என்னும் எண் ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, ஒன்றேகாலா என்பதை இடமறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

இட மதிப்பு

முழு எண்ணில் இடப்புறமாக ஓர் இடம் நகரும்போது இலக்கத்தின் மதிப்பு பத்து மடங்காகின்றது. வலப்புறமாக நகரும்போது பத்தில் ஒரு பங்காகின்றது. இதே ஒழுங்கை ஒன்றாம் இடத்துக்கு அப்பாலும் வலப்புறமாகத் தொடர்வதே தசம முறை. ஒன்றாம் இடம் எங்கே முடிகின்றது என்பதைக் காட்டுவதே புள்ளியின் வேலை.

எடுத்துக்காட்டாக, 47.385 என்னும் எண்ணில்

4 - பத்துகள் (40)
7 - ஒன்றுகள் (7)
3 - பத்தில் ஒன்றுகள் (0.3)
8 - நூறில் ஒன்றுகள் (0.08)
5 - ஆயிரத்தில் ஒன்றுகள் (0.005)

என்பன இட மதிப்புகளாகும்.

இரு தசம எண்களை ஒப்பிடும்போது இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. இடப்புறத்திலிருந்து இடம் இடமாக ஒப்பிட வேண்டும். 0.45 இல் இரண்டு இலக்கங்கள் இருந்தாலும் அது 0.5 ஐ விடச் சிறியது. 0.5 ஐ 0.50 என எழுதிக்கொண்டால் இது தெளிவாகும். வலக்கோடியில் சுழியங்களைச் சேர்ப்பதால் எண்ணின் மதிப்பு மாறுவதில்லை. ஆயினும் அளவீடுகளில் அச்சுழியங்களுக்குப் பொருள் உண்டு. 2 கிலோகிராம் என்பதை விட 2.000 கிலோகிராம் என்பது, எடை கிராம் வரை பார்க்கப்பட்டுள்ளது என்பதை உணர்த்துகின்றது.

ஓர் எண்ணைப் பத்தால் பெருக்கினால் புள்ளி ஓரிடம் வலப்புறமும், பத்தால் வகுத்தால் ஓரிடம் இடப்புறமும் நகரும். கிலோகிராமைக் கிராமாக்க மூன்று இடங்களும், ரூபாயைப் பைசாவாக்க இரண்டு இடங்களும் நகர்த்தினால் போதும். மெட்ரிக் அளவை முறையின் எளிமைக்கு இதுவே காரணம்.

அடிப்படைச் செயல்கள்

கூட்டலும் கழித்தலும்

எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். வலக்கோடி இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைப்பது முழு எண்களுக்கு மட்டுமே பொருந்தும். 42.5, 6.75, 21 ஆகியவற்றைக் கூட்ட, அவற்றை 42.50, 6.75, 21.00 எனச் சம இடங்களுடன் எழுதிக்கொள்வது நல்லது. கூட்டுத்தொகை 70.25. நூறு ரூபாய் கொடுத்தால் மீதி 100.00 − 70.25 = 29.75 ரூபாய்.

கடைக்காரர்கள் மீதித் தொகையைக் கழித்துக் காண்பதை விடக் கூட்டியே காண்கின்றனர். 70.25 உடன் 0.75 சேர்த்தால் 71. அதனுடன் 9 சேர்த்தால் 80. பின்னர் 20 சேர்த்தால் 100. சேர்த்தவற்றின் கூட்டுத்தொகை 29.75. இம்முறையில் கடன் வாங்கிக் கழிக்கும் தேவை இல்லை.

பெருக்கல்

முதலில் புள்ளிகள் இல்லாதது போலப் பெருக்க வேண்டும். பின்னர் இரு எண்களிலும் உள்ள தசம இடங்களைக் கூட்டி, விடையின் வலக்கோடியிலிருந்து அத்தனை இடங்கள் தள்ளிப் புள்ளி இட வேண்டும். கிலோ 34 ரூபாய் விலையுள்ள தக்காளி 1.235 கிலோகிராம் வாங்கினால்,

1235 × 34 = 41990

மூன்று தசம இடங்கள் இருப்பதால் விடை 41.990, அதாவது 41.99 ரூபாய்.

பெருக்கினால் எண் பெரிதாகும் என்பது முழு எண்களைப் பழகியவர்களின் எதிர்பார்ப்பு. ஒன்றை விடச் சிறிய எண்ணால் பெருக்கும்போது விடை சிறிதாகும். 0.3 × 0.2 என்பதன் விடை 0.06 ஆகும், 0.6 அன்று. பத்தில் மூன்று பங்கினுள் பத்தில் இரண்டு பங்கை எடுத்தால் கிடைப்பது நூறில் ஆறு பங்கே.

வகுத்தல்

வகுக்கும் எண் முழு எண்ணாகும் வரை இரு எண்களிலும் புள்ளியைச் சம இடங்கள் வலப்புறமாக நகர்த்த வேண்டும். இரு எண்களும் ஒரே மடங்கால் பெருக்கப்படுவதால் ஈவு மாறுவதில்லை. 5.9 லிட்டர் பெட்ரோலில் ஓர் இருசக்கர வண்டி 318.6 கிலோமீட்டர் ஓடியதெனில்,

318.6 ÷ 5.9 = 3186 ÷ 59 = 54

அதாவது லிட்டருக்கு 54 கிலோமீட்டர்.

ஒன்றை விடச் சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகும். வெவ்வேறு அளவுப் பொட்டலங்களின் விலையை ஒப்பிட இது பயன்படுகின்றது. 400 கிராம் பொட்டலம் 62 ரூபாய், 750 கிராம் பொட்டலம் 111 ரூபாய் எனில், 62 ÷ 0.4 = 155, 111 ÷ 0.75 = 148. இங்கே பெரிய பொட்டலமே கிலோவுக்கு 7 ரூபாய் மலிவு. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதால் இவ்வகுத்தலைச் செய்து பார்ப்பது பயனுடையது.

மதிப்பிட்டுச் சரிபார்த்தல்

புள்ளி ஓரிடம் தவறினால் விடை பத்து மடங்கு மாறிவிடும். எனவே கணக்கைத் தொடங்கும் முன்பே விடையின் அளவைத் தோராயமாக மதிப்பிட்டுக்கொள்வது சிறந்த பாதுகாப்பாகும். மேற்கண்ட தக்காளிக் கணக்கில், ஒரு கிலோ 34 ரூபாய் எனில் ஒன்றேகால் கிலோவின் விலை நாற்பதை ஒட்டியே இருக்கும். 4.199 அல்லது 419.9 என விடை வந்தால் புள்ளி இடம் மாறியுள்ளது எனப் பார்த்தவுடனே அறியலாம். கணிப்பானைப் பயன்படுத்துவோருக்கும் இது தேவை. கணிப்பான் பெருக்கலில் தவறுவதில்லை. அழுத்துபவரின் விரல் புள்ளியைத் தவறவிடக் கூடும்.

முடிவுறும் தசமங்களும் முடிவுறாத் தசமங்களும்

ஒரு பின்னத்தை எளிய வடிவில் எழுதியபின், அதன் பகுதியில் 2, 5 ஆகிய பகாக் காரணிகள் மட்டுமே இருப்பின் அது முடிவுறும் தசமமாகும். வேறு காரணி இருப்பின் தசமம் முடிவின்றித் தொடரும். 1/8 = 0.125 முடிவுறுகின்றது; 1/3 = 0.333... முடிவுறுவதில்லை.

பழந்தமிழ்ப் பின்ன அளவுகள் பலவற்றுக்கு இரண்டும் ஐந்துமே அடிப்படை. ஆகையால் அவை யாவும் முடிவுறும் தசமங்களாக அமைகின்றன.

அரை - 1/2 - 0.5
கால் - 1/4 - 0.25
அரைக்கால் - 1/8 - 0.125
மாகாணி (வீசம்) - 1/16 - 0.0625
ஒருமா - 1/20 - 0.05
காணி - 1/80 - 0.0125
முந்திரி - 1/320 - 0.003125

தங்க நகைகளில் காணப்படும் 916 என்னும் எண் மறுவகைக்கு எடுத்துக்காட்டு. 22 காரட் என்பது 24 இல் 22 பங்கு, அதாவது 11/12. பன்னிரண்டில் 3 என்னும் காரணி இருப்பதால் இது 0.91666... என முடிவின்றித் தொடர்கின்றது. மூன்று இடங்களுடன் நிறுத்தப்பட்டதே ஆயிரத்துக்கு 916 என்னும் தூய்மை அளவு.

முழுமையாக்கல்

தேவைக்கு மேற்பட்ட தசம இடங்களை நீக்கி அண்மைய மதிப்பை எழுதுதல் முழுமையாக்கல் அல்லது முழுதாக்கல் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் இது மட்டந்தட்டல் என வழங்குகின்றது. நீக்கப்படும் முதல் இலக்கம் 5 அல்லது அதற்கு மேற்பட்டதெனில் முந்தைய இலக்கத்துடன் ஒன்றைச் சேர்ப்பதும், 5 ஐ விடக் குறைவெனில் அப்படியே விடுவதும் பள்ளிகளில் கற்பிக்கப்படும் விதி. இதன்படி 3.746 என்பது இரண்டு இடங்களுக்கு 3.75, ஓரிடத்துக்கு 3.7 ஆகும். 3.75 ஐ மீண்டும் முழுமையாக்கி 3.8 எனக் கொள்வது தவறு. முழுமையாக்கல் எப்போதும் மூல எண்ணிலிருந்தே செய்யப்பட வேண்டும்.

சரிபாதியில் நிற்கும் எண்களை எப்போதும் மேல்நோக்கியே நகர்த்தினால், நீண்ட பட்டியல்களின் கூட்டுத்தொகை சற்று மிகுந்துவிடும். இதைத் தவிர்க்க, சரிபாதி எண்களை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு முழுமையாக்கும் விதியும் உண்டு. இதன்படி 2.5 என்பது 2 ஆகவும், 3.5 என்பது 4 ஆகவும் மாறும். முழுமையாக்கல் பற்றிய இந்தியச் சீர்தரமான 'ஐ.எஸ். 2' இவ்விதியையே கூறுகின்றது.

நடைமுறையில் எத்திசையில் முழுமையாக்குவது என்பதைக் கணக்கின் பொருளே முடிவு செய்கின்றது.

மேல்நோக்கி: 3.6 மீட்டர் நீளமும் 2.75 மீட்டர் அகலமும் உள்ள தரையின் பரப்பு 9.9 சதுர மீட்டர். ஒரு பெட்டி ஓடு 1.44 சதுர மீட்டருக்குப் போதுமெனில் 9.9 ÷ 1.44 = 6.875. ஏழு பெட்டிகள் வாங்க வேண்டும். விடை 6.1 என வந்திருந்தாலும் ஏழு பெட்டிகளே தேவைப்படும்.

கீழ்நோக்கி: ஒரு சட்டைக்கு 2.25 மீட்டர் துணி தேவையெனில் 5.5 மீட்டர் துணியில் 5.5 ÷ 2.25 = 2.44... சட்டைகள். இரண்டு சட்டைகளே தைக்க முடியும். விடை 2.9 என வந்திருந்தாலும் இரண்டே.

அண்மைய மதிப்புக்கு: பணத்தொகை. இந்தியாவில் சரக்கு, சேவை வரித் தொகையை அண்மைய ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும் என மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டம், 2017 இன் 170 ஆம் பிரிவு கூறுகின்றது. 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாகக் கொள்ளப்படும். அதற்குக் குறைந்தது விடப்படும்.

இடையில் முழுமையாக்குவதன் விளைவு

முழுமையாக்கலைக் கணக்கின் இறுதியில் மட்டுமே செய்ய வேண்டும். இடையில் செய்தால் சிறு பிழை அடுத்த பெருக்கலில் பெரிதாகின்றது. ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியில் பெற்ற 5,00,000 ரூபாய்க் கடனுக்கு ஒரு மாத வட்டியைக் காண, 0.085 ÷ 12 = 0.0070833... எனக் கிடைக்கும். இதைக் கடன் தொகையால் பெருக்கிய பின் முழுமையாக்கினால் 3,541.67 ரூபாய். முன்னதாகவே 0.007 எனச் சுருக்கிவிட்டால் 3,500 ரூபாய். 0.01 எனச் சுருக்கினால் 5,000 ரூபாய். மூன்றும் ஒரே கடனுக்கான விடைகளே.

மலேசியாவில் 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் ரொக்கச் சிட்டைகள் அண்மைய 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகின்றன. இது ஒவ்வொரு பொருளின் விலைக்குமன்றி, சிட்டையின் மொத்தத் தொகைக்கு ஒருமுறை மட்டுமே செய்யப்படுகின்றது. பல பொருள்களை வாங்குபவர் ஒருவருக்கு நேரும் வேறுபாடு இதனால் இரண்டு சென்னைத் தாண்டுவதில்லை.

அன்றாடப் பயன்பாடுகள்

நாணயம்

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஒரு ரூபாய் 16 அணாக்களாகவும், ஓர் அணா 12 பைகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. அம்முறையில் 3 ரூபாய் 11 அணா 9 பையுடன் 2 ரூபாய் 7 அணா 8 பையைக் கூட்டும்போது, பைகளைப் பன்னிரண்டாலும் அணாக்களைப் பதினாறாலும் வகுத்து மேலிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விடை 6 ரூபாய் 3 அணா 5 பை. தசம முறையில் எல்லா இடங்களிலும் பத்தே அடிப்படை என்பதால் இவ்விரு வகுத்தல்களும் தேவையற்றுப் போயின.

மாற்றக் காலத்தில் முழுமையாக்கல் சிக்கல் மக்களை நேரடியாகத் தொட்டது. ஒரு ரூபாய் 100 புதிய பைசாக்களாக ஆனபோது, ஓர் அணாவின் மதிப்பு 6.25 புதிய பைசா ஆயிற்று. கால் பைசா நாணயம் இல்லாததால் ஓர் அணா 6 பைசா எனவும், இரண்டு அணா 12 பைசா எனவும், மூன்று அணா 19 பைசா எனவும், நான்கு அணா 25 பைசா எனவும் கொள்ளப்பட்டன. இதன்படி ஓர் அணாவை நான்கு முறை தனித்தனியாக மாற்றினால் 24 பைசாவும், நான்கு அணாவை ஒருசேர மாற்றினால் 25 பைசாவும் கிடைக்கும். பொருளும் தொகையும் மாறாத நிலையில், முழுமையாக்கும் இடம் மாறியதாலேயே ஒரு பைசா வேறுபாடு தோன்றுகின்றது.

இலங்கையில் ரூபாய் 1872 ஆம் ஆண்டிலேயே 100 சதங்களைக் கொண்ட தசம முறைக்கு மாறியிருந்தது. ஐக்கிய இராச்சியத்தில் 240 பென்னிகளைக் கொண்டிருந்த பவுண்டு, 1971 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 அன்று 100 பென்னிகளாக மாற்றப்பட்டது.

தங்கம்

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் ஒரு பவுன் 8 கிராம் எனக் கணக்கிடப்படுகின்றது. 10.480 கிராம் எடையுள்ள சங்கிலி 10.480 ÷ 8 = 1.31 பவுன். சேதாரம் 8 விழுக்காடு எனில் 10.480 × 0.08 = 0.8384 கிராம் கூடுதலாகச் சேர்க்கப்படும். ஒரு கிராம் 10,000 ரூபாய் எனக் கொண்டால் சேதாரத்துக்கு மட்டும் 8,384 ரூபாய். இவ்விலையில் மூன்றாம் தசம இடத்தின் ஓர் அலகு 10 ரூபாய். இரண்டாம் இடத்தின் ஓர் அலகு 100 ரூபாய். காய்கறி எடையில் பொருட்படுத்தப்படாத மூன்றாம் இடம் தங்கத்தில் பொருட்படுத்தப்படுவதன் காரணம் இதுவே. எத்தனை தசம இடங்கள் தேவை என்பது, கடைசி இடத்தின் ஓர் அலகு என்ன விலை பெறும் என்பதைப் பொறுத்தது.

நிலம்

ஓர் ஏக்கரின் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைப் பகுதியில் வழங்கும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி; அது 2400 ÷ 435.6 = 5.51 சென்ட்.

தமிழ்நாட்டில் பட்டாக்களில் நிலப்பரப்பு ஹெக்டேர், ஏர் அளவுகளில் குறிக்கப்படுகின்றது. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். இது ஏறத்தாழ 2.471 சென்ட். பட்டாவில் 40.50 ஏர் என உள்ள நிலம் 40.50 × 2.471 = 100.08 சென்ட், அதாவது ஓர் ஏக்கரை ஒட்டியது. 2.471 என்பதை எளிமை கருதி 2.5 எனக் கொண்டால் விடை 101.25 சென்ட். வேறுபாடு 1.17 சென்ட், அதாவது 500 சதுர அடிக்கும் மேல். ஒரு சிறு வீடு கட்டப் போதுமான இந்நிலம் தாளில் மட்டுமே இருக்கும், அளக்கும்போது இராது.

வட்டி

சிற்றூர்களில் வட்டி விகிதம் 'ஒரு பைசா வட்டி', 'இரண்டு பைசா வட்டி' எனக் கூறப்படுகின்றது. ஒரு ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கான வட்டியையே இது குறிக்கும். இரண்டு பைசா என்பது சிறு தொகையாகத் தோன்றினாலும், அது மாதத்துக்கு 0.02, ஆண்டுக்கு 0.02 × 12 = 0.24, அதாவது 24 விழுக்காடு. 50,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 1,000 ரூபாயும், ஆண்டுக்கு 12,000 ரூபாயும் வட்டியாகும். வட்டியைச் செலுத்தாமல் மாதந்தோறும் முதலுடன் சேர்த்தால் 1.02 ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். விடை 1.268, ஆண்டு வட்டி ஏறத்தாழ 26.8 விழுக்காடாக உயரும். வங்கிகள் ஆண்டு விகிதத்தைக் கூறுவதால், இரண்டையும் ஒரே கால அளவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

மருந்தளவு

தசமப்புள்ளியின் இடம் உயிர்களைப் பாதிக்கக்கூடிய துறை மருத்துவம் ஆகும். 0.5 மில்லிகிராம் என்பதை .5 என எழுதினால், புள்ளி மங்கியிருக்கும்போது 5 எனப் படிக்க நேரும். 5 மில்லிகிராமை 5.0 என எழுதினால் 50 எனப் படிக்க நேரும். இரண்டிலும் பத்து மடங்கு மருந்து கொடுக்கப்படும். ஆகவே புள்ளிக்கு முன் சுழியத்தைக் கட்டாயம் இட வேண்டும் என்பதும், முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியமும் இடக் கூடாது என்பதும் மருந்துச் சீட்டு எழுதுவதில் வலியுறுத்தப்படும் விதிகள். அளவீடுகளில் துல்லியத்தைக் காட்டும் வலக்கோடிச் சுழியம் மருந்துச் சீட்டில் ஊறு விளைவிப்பதாக மாறுகின்றது.

நீர்ம மருந்துகளில் செறிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கான பாராசிட்டமால், 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம், 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் எனப் பல செறிவுகளில் கிடைக்கின்றது. மருத்துவர் ஒரு குழந்தைக்கு 180 மில்லிகிராம் பரிந்துரைத்திருப்பின்,

முதலாவதில்: 180 ÷ 25 = 7.2 மில்லிலிட்டர்
இரண்டாவதில்: 180 ÷ 50 = 3.6 மில்லிலிட்டர்
மூன்றாவதில்: 180 ÷ 100 = 1.8 மில்லிலிட்டர்

என வெவ்வேறு அளவுகள் கிடைக்கும். முதலாவதற்குரிய 7.2 மில்லிலிட்டரை மூன்றாவது குப்பியிலிருந்து கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உட்செல்லும். எனவே 'எத்தனை மில்லிலிட்டர்' என்பதை மட்டும் நினைவில் வைப்பது போதாது. குப்பி மாறும்போது கணக்கும் மாறும்.

இன்சுலினும் இத்தகையதே. இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 அலகுகள் கொண்ட குப்பிகளும், 100 அலகுகள் கொண்டவையும் உள்ளன. 20 அலகுகள் என்பது முன்னதில் 0.5 மில்லிலிட்டர், பின்னதில் 0.2 மில்லிலிட்டர். 40 அலகுக்கான ஊசியில் 100 அலகு மருந்தை 20 ஆம் கோடு வரை எடுத்தால் 0.5 × 100 = 50 அலகுகள், அதாவது இரண்டரை மடங்கு மருந்து உட்செல்லும். குப்பிக்கு ஏற்ற ஊசியையே பயன்படுத்த வேண்டும் என வலியுறுத்தப்படுவது இதனாலேயே.

உடல் வெப்பநிலை

மனித உடலின் வெப்பநிலையாகப் பரவலாகக் கூறப்படும் 98.6 பாகை பாரன்ஃகைட் என்பது மிகத் துல்லியமான அளவு போலத் தோன்றுகின்றது. செருமானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் 1868 இல் வெளியிட்ட நூலில் குறித்த 37 பாகை செல்சியசை 37 × 1.8 + 32 = 98.6 என மாற்றியதால் கிடைத்த எண் அது. முழு எண்ணுக்கு முழுமையாக்கிய 37 என்பது 36.5 முதல் 37.5 வரை, அதாவது 97.7 முதல் 99.5 பாரன்ஃகைட் வரையான எதையும் குறிக்கலாம். அலகு மாற்றத்தில் தோன்றிய தசம இலக்கம், மூல அளவீட்டில் இல்லாத துல்லியத்தைத் தந்துவிடுவதில்லை.

புள்ளி இருந்தும் தசமம் அல்லாதவை

புள்ளியுடன் எழுதப்படும் எல்லா எண்களும் தசம எண்கள் அல்ல.

நேரம்: 7.30 மணி என்பதில் புள்ளிக்கு வலப்புறம் இருப்பவை நிமிடங்கள். 7 மணி 30 நிமிடம் என்பது தசமத்தில் 7.5 மணி. மணிக்கு 60 ரூபாய் கூலி எனில் 7.5 × 60 = 450 ரூபாய். 7.30 என அப்படியே பெருக்கினால் 438 ரூபாயே வரும். தொழிலாளிக்கு 12 ரூபாய் இழப்பு.

அடி, அங்குலம்: ஓர் அடி 12 அங்குலம் என்பதால் 5 அடி 6 அங்குலம் என்பது 5.5 அடி, 5.6 அன்று. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என எழுதினால் அது 5.9 ஐ விடச் சிறியதாகத் தோன்றும்.

துடுப்பாட்ட ஓவர்கள்: ஓர் ஓவர் 6 பந்துகள். 7.3 ஓவர் என்பது 7 ஓவர்களும் 3 பந்துகளும், அதாவது 7.5 ஓவர். 45 ஓட்டங்கள் எடுத்த அணியின் ஓட்ட விகிதம் 45 ÷ 7.5 = 6.0 ஆகும்.

மென்பொருள் பதிப்பெண்கள்: பதிப்பு 2.10 என்பது பதிப்பு 2.9 க்குப் பிந்தையது. இங்கே புள்ளி இரு முழு எண்களைப் பிரிக்கும் குறி மட்டுமே.

வரலாறு

பத்தை அடிப்படையாகக் கொண்ட இட மதிப்பு முறையும் சுழியமும் இந்தியாவில் வளர்ச்சி பெற்று அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தன. ஆயினும் ஒன்றை விடச் சிறிய அளவுகள் நெடுங்காலம் பின்னங்களாகவே எழுதப்பட்டன. பத்தாம் நூற்றாண்டில் அல்-உக்லிதிசி என்னும் அரபுக் கணிதவியலாளரின் நூலில் தசமப் பின்னங்கள் காணப்படுகின்றன. சமர்கண்டில் பணியாற்றிய அல்-காஷி 1427 இல் எழுதிய நூலில் இவற்றை முறைப்படி விளக்கினார். ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் 1585 இல் வெளியிட்ட சிறு நூல் தசமக் கணக்கீட்டை வணிகர், நில அளவையாளர் முதலியோரிடம் கொண்டுசேர்த்தது. நாணயங்களும் அளவைகளும் தசம முறையில் அமைய வேண்டும் என்னும் கருத்தையும் அவர் அதில் முன்வைத்தார். அவருடைய குறியீட்டில் புள்ளி இல்லை. இடத்தைக் காட்ட வட்டமிட்ட எண்களைப் பயன்படுத்தினார். புள்ளி பரவலானதில் மடக்கைகளைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் நூல்களுக்குப் பங்குண்டு.

கணினியில் தசமங்கள்

பெரும்பாலான கணினிகள் எண்களை இரும முறையில் கையாளுகின்றன. இரும முறையின் அடிப்படையில் 5 என்னும் காரணி இல்லை. ஆகவே தசமத்தில் முடிவுறும் 0.1, இரும முறையில் முடிவுறாது. 1/3 தசமத்தில் முடிவுறாததைப் போன்றதே இது. கணினி அதை ஓரிடத்தில் நிறுத்தி முழுமையாக்கிக் கொள்கின்றது. இதனால் பல நிரல்மொழிகளில் 0.1 + 0.2 என்பதன் விடை 0.30000000000000004 எனக் கிடைக்கின்றது. பணக் கணக்குகளுக்கான மென்பொருள்களில் தொகையைப் பைசாக்களில் முழு எண்ணாக வைத்துக்கொள்வதும், தசமத்துக்கெனவே அமைந்த தரவு வகைகளைப் பயன்படுத்துவதும் இதற்குத் தீர்வுகளாகும்.

முழுமையாக்கல் பிழைகள் குவிவதற்கு இரு நிகழ்வுகள் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 இல் 1000 என்னும் மதிப்பில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பின்னும் அது மூன்று தசம இடங்களுக்குக் கணிக்கப்பட்டது. ஆனால் எஞ்சிய இலக்கங்கள் முழுமையாக்கப்படாமல் வெட்டப்பட்டன. ஒவ்வொரு முறையும் இழப்பு கீழ்நோக்கியே இருந்ததால், 1983 ஆம் ஆண்டு நவம்பரில் குறியீட்டெண் ஏறத்தாழ 525 ஆகத் தாழ்ந்திருந்தது. திருத்திக் கணித்தபோது அதன் உண்மை மதிப்பு 1,098 ஐத் தாண்டியிருந்தது.

1991 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, ஈராக்கிய ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அவ்வமைப்பு நேரத்தை 0.1 நொடி அளவுகளில் எண்ணியது. 24 இரும இலக்கங்களில் வெட்டப்பட்ட 0.1 இன் பிழை ஏறத்தாழ 0.000000095. நூறு மணி நேரத்தில் 0.1 நொடிகள் 36,00,000 முறை கடந்திருந்தன. 0.000000095 × 36,00,000 = 0.342 நொடி. அந்நேரத்துக்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும் என்பதால், அமைப்பு அதனைத் தவறான இடத்தில் தேடியது.

இவற்றையும் பார்க்கவும்

இட மதிப்பு
பின்னம்
விழுக்காடு
மெட்ரிக் முறை
இரும எண் முறை
தமிழர் அளவை முறைகள்